மூணாம் நம்பர் கடைக்கு ஒரு சால்வை

சால்வையெல்லாம் எனக்கு வேண்டாங்க மேடம். நெசமாத்தான் சொல்றேன். மொதல்ல உக்காருங்க. அய்யோ, அந்தச் சேர்ல வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இந்தக் கட்டில்ல உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா? இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன். டிரைவருக்கும் ஒரு சொம்பு குடுத்தனுப்பறேன். ஜீப்புக்குள்ள இன்னும் யாரோ இருக்கறாப்ல தெரியுதே? போட்டோவுக்கு வந்தவங்களா? சரி, அவங்களுக்கும் சேத்து ஊத்தறேன். பாவம், வெயில்ல உள்ளயே உக்கார வெச்சிருக்கீங்களே.

எங்கூட்டுக்காரருங்களா? மோட்டார் போடப் போயிருக்காரு. ஆமாங்க, கரண்டு வர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குது. இருந்தாலும் போயிருக்காரு. ஜீப்பு சத்தம் கேட்டதும் துண்ட எடுத்துத் தோள்ல போட்டுட்டுக் கெளம்பிட்டாரு. ஆபீசருங்கன்னா அவருக்குக் கொஞ்சம் கூச்சம்.

நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுதுங்க. உழவர் சந்தைல காய்கறி டோக்கன் வாங்கற எட்டுக் கடைல, மூணாம் நம்பர் கடை மயிலாத்தா மட்டுந்தான் ஒரு ஏழைப் பொம்பளை குடுத்த டோக்கன ஆபீசுல குடுத்துக் காசாக்காம, இத்தன மாசமும் சும்மாவே காய் போட்டிருக்கா. அதுக்காக மேடையேத்தி சால்வை போத்துவீங்க. சர்ட்டிபிகேட் குடுப்பீங்க. இன்னிக்கு எங்க தோட்டத்துல அந்தப் பொம்பளையையும் என்னையும் நிறுத்தி ஒரு போட்டோ. பெரிய மனசுங்க உங்களுக்கு. ஆனா வேண்டாம்.

ஏழாம் நம்பர் கடைல பழனாத்தா இருக்கா பாருங்க, அவளுக்குப் போத்துங்க. வயித்துப் புள்ளக்காரிக வந்தா ஒரு கட்டு கீரை சேத்தே குடுப்பா. அவ வெளிய சொல்லிக்க மாட்டா. நானும் சொல்லிக்க மாட்டேன், ஆனா எனக்கு வேண்டாம். எனக்கு மேடையேறினா படபடன்னு வரும். பிரசரு இருக்குதுங்க. சால்வைய வெச்சு நான் என்ன பண்றது, சொல்லுங்க? இந்த வெயிலுக்கு?

இப்படிச் சிரிச்சா என்ன அர்த்தம் மேடம்? அடக்கமா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டீங்க. அடக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சொல்றேன் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே வேண்டாம்னு எழுதிக்கிட்டுப் போயிருவீங்க.

இந்த டோக்கன நானாத் தேடிப் போய் வாங்கல. ஆடி மாசம், நீங்க இந்த ஆபீசுக்கு வர்றதுக்கு முந்தி, சந்தைல ஒரு கூட்டம் போட்டாங்க. ரேசன் கார்டுல இருக்கற விதவைப் பொம்பளைக, கைக்கொழந்தைக்காரிக, இவங்களுக்கெல்லாம் வாராவாரம் நூறு ரூவாய்க்குக் காய்கறி டோக்கன் குடுக்கப் போறோம், அத உங்க கடைல வாங்கிக்கோணும், வாங்கின டோக்கன சனிக்கெழமை ஆபீசுல குடுத்தா பணம் கெடைக்கும்னாங்க. ஒருத்தரும் கையத் தூக்கல. கையில காச வாங்கிப் பழகினவங்க காகிதத்த வாங்குவாங்களா? அப்பத்தான் இன்னொண்ணு சொன்னாங்க. டோக்கன் வாங்கற கடைக்கு வாசலுக்குப் பக்கத்துலயே நெரந்தரமா எடம்னு.

உங்களுக்கே தெரியும், எங்க சந்தைல தெனமும் குலுக்கல்ல போட்டுத்தான் கடை எடம். ஒரு நாள் வாசல் கெடைக்கும், நாலு நாள் கக்கூசுக்குப் பக்கம் கெடைக்கும். கக்கூசுப் பக்கம் எவன் வந்து கத்திரிக்கா வாங்குவான்? வாசல்னதும் என்ற கை தானா மேல போச்சு. எங்கூட்டுக்காரரு இழுத்தாரு. நான் எறக்கல. அப்படித்தான் மூணாம் நம்பர் கடை. ஒரே வாசல், ஒரே எடம், வருசம் பூரா. அப்ப எனக்கு எத்தன சந்தோசம்! வெத்தலையெல்லாம் வாங்கிட்டு வந்தேன்.

நெரந்தரமா ஒரே எடத்துல உக்காந்தா, தேடி வர்றவளுக்குச் சுலபம்னு எனக்கு அப்பத் தோணல.

ரெண்டாவது புதங்கெழமை. ஏழு மணி இருக்கும். குனிஞ்சு வெண்டைக்காய தரம் பிரிச்சுக்கிட்டிருக்கேன். ஒரு கை டோக்கன நீட்டுது. காய்ப்புக் காய்ச்ச கை, வெரல் நுனியெல்லாம் நூலு அறுத்த தழும்பு. நிமுந்து பாக்கறேன், கலாமணி.

கலாமணி யாரா? ஒறவுதானுங்க. தூரத்து ஒறவு. தூரத்து ஒறவுன்னா… எங்கூட்டுக்காரருக்கு ஒரு தம்பி இருந்தான், நாச்சிமுத்துன்னு. அவன் சம்சாரம். எனக்கு ஓரகத்தி. அவன் போய் நாலு வருசமாச்சு, மஞ்சக்காமாலை. ஆஸ்பத்திரிச் செலவு பூரா நாங்கதான் பாத்தோம், என்ற ரெண்டு வளையலு அதுலதான் போச்சு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் அவ அண்ணன்காரன் வந்து டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். இப்ப பனியன் கம்பெனில பிசிறு வெட்டறா.

கெளம்பின அன்னிக்கு அவ பையத் தூக்கிட்டு இதே வாசல்ல நின்னா. என்ற மொகத்தப் பாத்துக்கிட்டு சித்த நேரம் நின்னா. போகாத, இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்னிக்கு எனக்குத் தலவலி மேடம். காரிய வீட்டு வேலை, பதினாறு நாள் தூக்கமில்ல, பேச முடியல.

நாங்க அவளுக்கு ஒரு கொறையும் வெக்கல. மொத வருசம் ஒரு மூட்டை நெல்லு அனுப்பினோம். ரெண்டாவது வருசம் மழையில்ல, அனுப்பல. மூணாவது வருசங்களா? மூணாவது வருசம் மழை இருந்துச்சு. அப்ப என்ற மக கல்யாணம். எல்லாத்தையும் நோண்டி நோண்டிக் கேக்கறீங்களே.

சரி, அவ டோக்கன நீட்டினா. நான் வாங்கல. இது செல்லாது, அடுத்த கடைக்குப் போன்னேன். அவ சத்தம் போடல. என்ற தலைக்கு மேல தொங்கற பச்ச போர்டக் காட்டினா. "இங்க வாங்குவாங்கன்னு போட்டிருக்குதேக்கா." பின்னால பத்துப் பேரு வரிசைல நிக்கறாங்க. டோக்கன வேண்டாம்னு ரெண்டு தடவை சொன்னா, சந்தைல கடை போடறதுக்குக் குடுத்த அட்டைய ரத்து பண்ணிருவோம்னு கூட்டத்துலயே சொல்லியிருந்தாங்க. அட்டை போனா கடை போச்சு. கடை போனா நாங்க வெளைய வெச்சத வேவாரிக்கு அவன் சொன்ன வெலைக்குக் கொட்டிட்டு வரோணும். வாங்கிட்டேன். கத்திரிக்கா, வெண்டை, ஒரு கட்டு முருங்கைக்கீரை. எடை தாராளமாவே போட்டேன். கருவேப்பிலை, மல்லித்தழையெல்லாம் கை நெறையக் கொசுறு. சீக்கிரம் போகட்டும்னு போட்டேன், பக்கத்துக் கடைக்காரிக என்ன சொன்னாங்க தெரியுமா? மயிலாத்தாளுக்குத் தருமசிந்தனைன்னாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சுதுங்க இந்தக் கெரகம்.

போகும்போது ஒண்ணு கேட்டா. "அக்கா, இது கெணத்து மேட்டுக் கத்திரியா?"

கத்திரிக்கா கத்திரிக்காதான், கெணத்து மேடென்ன, குப்பை மேடென்னன்னு சொல்லிட்டேன். அவ சிரிச்சுக்கிட்டே நின்னா. அவ நிக்க நிக்க எனக்குப் பொறுக்கல. "ஆமா, கெழக்க கெணத்து மேட்டுலதான் இந்த வருசம் போட்டிருக்குது, அதுக்கென்ன இப்ப"ன்னேன். "ஒண்ணுமில்லக்கா, ருசி அப்படியே இருக்கும்"னுட்டுப் போயிட்டா.

அப்பறம் ஒவ்வொரு புதங்கெழமையும் வந்தா. ஒரு வாரமும் தப்பல. வரிசைல கடைசியா நிப்பா, முண்டிக்கிட்டு வர மாட்டா. டோக்கனக் குடுப்பா, காய வாங்குவா, ஒரே ஒரு கேள்வி கேப்பா. தெக்கு வரப்புல மூணு முருங்கை இருந்துதே, காய்க்குதாக்கா? நட்டது அவ புருசன்தானுங்க, நான் இல்லைங்கல. மேக்கால வாய்க்கா ஓரமா என்ன போட்டிருக்கீங்க, பாகலா? வடக்க தென்னந்தோப்பு இன்னும் அந்தச் செட்டியாருகிட்டத்தான் இருக்குதா? நான் சொன்னேன், இல்லடி, அத யாரோ டவுன் டாக்டர் வாங்கிட்டாரு, கம்பி வேலி போட்டு நம்ம பக்கம் ஒரு மொழம் தள்ளிட்டாரு, உங்க மாமா கேக்கவே மாட்டேங்கறாருன்னு.

எனக்கு இது ஒரு பழக்கம் மேடம். வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க வராது. யாராச்சும் ஒண்ணு கேட்டா ஒம்பது சொல்லிருவேன். எங்கூட்டுக்காரரு சொல்லிச் சொல்லிச் சலிச்சுட்டாரு. இப்பவும் பாருங்க, நீங்க சும்மா மோர் குடிச்சுக்கிட்டிருக்கீங்க, நானே பேசிக்கிட்டிருக்கேன்.

டோக்கன ஏன் ஆபீசுல குடுக்கலன்னுதான உங்களுக்கு வேணும்? மனசு வரல, அவ்வளவுதான். ஏழைப் பொம்பளைகிட்ட… சரி, அது இல்ல. அது இல்லைங்க. அந்த டோக்கனுக்குப் பின்னால வாங்கறவங்க பேரு அச்சடிச்சிருக்குமே, பாத்திருக்கீங்களா? கலாமணி, கணவர் பேரு காலஞ்சென்ற நாச்சிமுத்து, வேலாங்காட்டுப் புதூர். ரேசன் கார்டு இன்னும் எங்க ஊரு அட்ரசுலதான் இருக்குது. உங்க ஆபீசுல சனிக்கெழமை ஒரு கிளார்க்கு உக்காந்திருப்பாரே, கண்ணாடி போட்டவரு, அவரு ஒவ்வொரு டோக்கனையும் திருப்பி, பேரச் சத்தமாப் படிச்சுத்தான் நோட்டுல எழுதுவாரு. எங்க அட்டைக்குக் காகிதம் வாங்கினவரும் அவரேதான். அவரு வாயால நாச்சிமுத்துன்னு படிக்கக் கூடாதுன்னு நெனச்சேன். எடுத்துட்டுப் போய் வரிசைல நின்னேன் மேடம், மொத சனிக்கெழமை. எனக்கு முன்னால ரெண்டு பேரு இருந்தாங்க. திரும்பி வந்துட்டேன்.

அதிலருந்து அவ டோக்கனெல்லாம் பிஸ்கட் டப்பாவுல கெடக்குது, கலாகிட்டயே ஒரு நாள் அத ஒளறியும் வெச்சேன். அதோ, அலமாரி மேல, மஞ்ச டப்பா. கிழிச்சுப் போடலாம்னு பாத்தேன். கவர்மெண்டு முத்திரை போட்டதக் கிழிச்சா கேசாகும்னு பழனாத்தா சொன்னா. குடுக்கவும் முடியல, கிழிக்கவும் முடியல. வாங்காம இருக்கவும் முடியல. புதங்கெழமை வந்தா செவ்வாக்கெழமையே எனக்குச் சோறு எறங்காது.

ஒரு தடவை அவகிட்டயே சொல்லிப் பாத்தேன். கலா, நீ இவ்வளவு தூரம் பஸ் ஏறி வராத, நானே வாரா வாரம் ஒரு பை காய் அனுப்பி வெக்கறேன், டோக்கனெல்லாம் வேண்டாம்னேன். எத்தன எதமாச் சொன்னேன் தெரியுங்களா! அவ என்ன சொன்னா? "எனக்கு எனாமா வேண்டாங்கக்கா. டோக்கனுக்குக் குடுங்க, போதும்." எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். திமிருதானுங்க அது. நான் குடுத்தா ஆகாதாம், கவர்மெண்டு குடுத்தா ஆகுமாம்.

கடைய மாத்திக் குடுங்க, கக்கூசுப் பக்கமே போறேன்னு ஆபீசுல கேட்டேன். அடுத்த ஆடி வரைக்கும் மாத்த முடியாதுன்னாங்க. ஒரு புதங்கெழமை எனக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டு எங்கூட்டுக்காரர அனுப்பினேன். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தாரு. கூடை காலி. பரவால்லையே, எல்லாம் வித்துப் போச்சான்னு கேட்டேன். சட்டையக்கூடக் கழட்டாம இந்தக் கட்டில்ல உக்காந்துட்டாரு. கடைசில சொன்னாரு, அன்னிக்கு அவ கொழந்தையையும் கூட்டியாந்திருக்கா. அது இவரப் பாத்து "பெரியப்பா, எங்கப்பா வெச்ச மரத்துக் காயா இது?"ன்னு கேட்டுச்சாம். இவரு இருக்கற முருங்கைக்காய் பூராத்தையும் அள்ளி அது கைல குடுத்துட்டு, கடைய அப்படியே விட்டுட்டு வந்துட்டாரு. ரெண்டு நாள் சாப்பிடல. இனி செத்தாலும் அந்தச் சந்தைப் பக்கம் வர மாட்டேன்னுட்டாரு. ஆம்பளைங்களுக்கு அது சுலபம். நாந்தான போகோணும்!

ஆமாங்க, ஒரு பொண்ணு. எட்டு வயசு. நான் இத்தன நேரம் சொல்லலையா? சொல்ல மறந்துட்டேன்.

அது என்னங்க மேடம், பைக்குள்ள? எங்க அட்டைக்குக் குடுத்த விண்ணப்பமா? சர்ட்டிபிகேட்டுல பேரு சரியாப் போடோணும்னு எடுத்துட்டு வந்தீங்களா? அத எதுக்கு இப்பப் பிரிக்கறீங்க? பேரு மயிலாத்தா, புருசன் பேரு குழந்தைவேல், நானே சொல்லிட்டேனே. அத உள்ள வெச்சிருங்க, காத்துல பறந்துரும்.

நீங்க ஒண்ணும் கேக்கலையா? அப்பறம் ஏன் அந்தப் பக்கத்துலயே வெரல வெச்சிருக்கீங்க?

ஆமா. அது எங்கூட்டுக்காரரு எழுத்துதான்.

நான் சொல்லிடறேன். நீங்களாப் படிக்க வேண்டாம், நானே சொல்லிடறேன். எங்க தோட்டம் மூணு ஏக்கரா. மாமனாரு காளியண்ணன் பேருல கூட்டாக் கெடக்குது. அண்ணனுக்கு ஒன்றரை, தம்பிக்கு ஒன்றரைன்னு வாய்ப்பேச்சுதான், பிரிக்கல. சந்தைக்கு அட்டை கேட்டப்ப, நெலத்துல பங்குள்ளவங்க எல்லாரும் கையெழுத்துப் போடோணும்னாங்க. அப்ப அவ டவுனுக்குப் போயி ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு. போய்க் கையெழுத்துக் கேட்டா, பங்கு குடுன்னு கேப்பா. கேட்டா குடுக்கோணும். குடுத்தா எங்களுக்கு என்ன மிஞ்சும்? கெணத்த ஆழப்படுத்தினது நாங்க. ஆஸ்பத்திரிக்குக் கட்டினது நாங்க. அந்தக் கிளார்க்கு சும்மா ஒரு வழி சொன்னாரு, தம்பிக்கு வாரிசு யாரும் இல்லாட்டி அத எழுதிக் குடுங்க, போதும்னாரு. எங்கூட்டுக்காரரு பேனாவ வெச்சுக்கிட்டு கால் மணி நேரம் உக்காந்திருந்தாரு மேடம். நாந்தான் எழுதுங்கன்னேன்.

ஒரு வரிதானுங்க. "என் தம்பி நாச்சிமுத்து வாரிசு இல்லாமல் காலமானார்." ஒரு வசதிக்காக எழுதினது. யாரையும் கெடுக்கோணும்னு எழுதல. எழுதிட்டதால அந்தப் புள்ளை இல்லாமயா போச்சு? அது பாட்டுக்கு வளருது, பள்ளிக்கொடம் போகுது. அட்டை கெடைச்சுது, கடை நடந்துச்சு, என்ற மக கல்யாணம் நடந்துச்சு. நானும் அந்த வரிய மறந்துட்டேன். அவ டோக்கன நீட்டற வரைக்கும் மறந்துதான் இருந்தேன்.

இப்பச் சொல்லுங்க, எனக்கு நீங்க சால்வை போத்தினா ஊரு சிரிக்குமா சிரிக்காதா? கொழந்தையோட அவள நிறுத்தி எங்க தோட்டத்துல போட்டோ எடுத்து, அத மேடைல பெருசாக் காட்டினா, அந்தக் கண்ணாடிக் கிளார்க்கு பாக்க மாட்டாரா? அதனாலதான் வேண்டாம்ங்கறேன். அட்டையப் பிடுங்கிறாதீங்க மேடம். உங்க காலத் தொட்டுக் கேட்டுக்கறேன். உங்களுக்கு என்ற மக வயசுதான் இருக்கும். எங்களுக்கு வேற பொழப்பு இல்ல கண்ணு.

என்ன காகிதம் அது? கலாமணி எழுதின கடுதாசியா?

அவ எழுதினதாலதான் எனக்குப் பாராட்டா? நான் நெனச்சேன், ஆபீசுல கணக்குப் பாத்துக் கண்டுபிடிச்சிருப்பீங்கன்னு. அவளா எழுதினா? எனக்குச் சால்வை போடச் சொல்லியா? என்ன எழுதியிருக்கா, படிங்க. எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாது. மெதுவாப் படிங்க.

"உயர்திரு அதிகாரி அவர்களுக்கு. மூன்றாம் எண் கடை மயிலாத்தாள் அக்கா, ஆடி மாதம் முதல் என் டோக்கன்களுக்குப் பணம் பெறாமல் காய்கறி தந்து வருகிறார்." சரி. "அவர் தரும் காய்கள் ஒரே தோட்டத்தில் விளைந்தவை. கிழக்கே கிணற்று மேட்டில் கத்தரி. தெற்கே வரப்பில் என் கணவர் நட்ட முருங்கை மூன்று. மேற்கே வாய்க்காலை ஒட்டிப் பாகல். வடக்கே இப்போது டாக்டர் வாங்கியிருக்கும் தென்னந்தோப்பு, ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்ட வேலி."

இருங்க. சித்த இருங்க மேடம்.

இது செக்குபந்தி. பத்திரத்துல எழுதுவாங்களே, கெழக்க இது, மேக்க இதுன்னு நாலு எல்லை, அது. பாராட்டுக் கடுதாசில யாராச்சும் செக்குபந்தி எழுதுவாங்களா? நாலு வருசமா அவ தோட்டத்துல கால் வெக்கல. டாக்டர் வாங்கினது அவளுக்குத் தெரியாது. வேலி தள்ளினது தெரியாது. பாகல் போட்டது தெரியாது. எல்லாம் நாந்தான் சொன்னேன். வாரம் ஒண்ணா, என்ற வாயாலயே, கொசுறோட சேத்துக் குடுத்தேன். அய்யோ சாமி!

மிச்சத்தப் படிங்க. "இந்த மூன்று ஏக்கரில் விளையும் காயை என் மகள் சாப்பிடுவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அக்காவுக்கு என் மகள் சார்பாக நன்றி தெரிவிக்கிறேன். அவரைப் பாராட்ட வேண்டுகிறேன். இப்படிக்கு, கலாமணி, காலஞ்சென்ற காளியண்ணன் மகன் நாச்சிமுத்துவின் மனைவி."

அவ்வளவுதானா? பின்னால ஏதாச்சும் இருக்குதா, திருப்பிப் பாருங்க. எங்களப் பத்தி ஒரு குத்தமும் எழுதலையா? திருடி, பொய்க்காரின்னு ஒண்ணும்? அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் மேடம். சந்தைல நின்னு மண்ண வாரித் தூத்தியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன். நன்றின்னு எழுதியிருக்காளே, நான் இதுக்கு என்னன்னு பதில் சொல்றது?

உங்களுக்கு அப்பவே எல்லாம் தெரியும், இல்லைங்களா? தெரிஞ்சுதான் விண்ணப்பத்தையும் கடுதாசியையும் ஒரே பைல வெச்சு எடுத்துட்டு வந்தீங்க. நான் வேற, மோரக் குடுத்துப் பேசிப் பேசி…

போட்டோவுக்கு அவளையும் வரச் சொல்லியிருக்கீங்களா? எப்ப வர்றா?

ஜீப்புலயா?

அப்ப இத்தன நேரம் அங்க உக்காந்திருக்கறது அவளா? கொழந்தையுமா? நான் மோர் குடுத்தனுப்பினது அவளுக்கா? குடிச்சாளா? டிரைவர் சொம்பக் காலியாத்தான் கொண்டாந்தாரு. எறங்கி வரச் சொல்ல வேண்டியதுதான மேடம், இந்த வெயில்ல புள்ளைய வெச்சுக்கிட்டு! நீங்க சொன்னீங்களா? மாட்டேன்னுட்டாளா? என்ன சொன்னா? அக்கா கூப்பிட்டாத்தான் எறங்குவேன்னாளா?

அந்தத் தண்ணிச் சொம்ப இப்படிக் குடுங்க.

நான் கூப்பிட்டா ஒண்ணு, கூப்பிடாட்டி ஒண்ணு. கூப்பிட்டா ஒன்றரை ஏக்கரா போகும். கூப்பிடாட்டி உங்க கைல அந்த வரி இருக்குது, கடை போகும். அவளுக்குத் தெரியும் மேடம், அவ பையோட நின்ன அன்னிக்காட்டம் எனக்கு இன்னிக்குத் தலவலி இல்லைன்னு.

கலா! ஏ கலாமணி! எறங்கி வா. கலா! புள்ளையையும் கூட்டிக்கிட்டு எறங்கி வா. இங்க நெழலுக்கு வா.

எறங்கிட்டா. அந்தக் கொழந்தை நடக்கறதப் பாருங்க, ஒரு தோள ஏத்திக்கிட்டு. அவங்கப்பன் அப்படியேதான் நடப்பான். வாரிசு இல்லாமல்னு எழுதினமே… சரி, அத விடுங்க. அந்த மஞ்ச டப்பாவ எடுத்து உங்க பைல வெச்சுக்குங்க. எண்ணியெல்லாம் பாக்க வேண்டாம், எல்லாம் இருக்குது.

இவ எங்க போறா? வீட்டுக்கு இந்தப் பக்கம்டி, கலா! திரும்பிக்கூடப் பாக்கல. புள்ளை கையப் பிடிச்சுக்கிட்டு நேரா தோட்டத்துக்குள்ள எறங்கிட்டா. இல்லைங்க மேடம், வழி காட்டறதுக்கு நான் முன்னால போக வேண்டியதில்ல. செருப்பப் போட்டுக்கிட்டு நீங்க அவ பின்னாலயே போங்க. தெக்கு வரப்புலதான் போறா, முருங்கைக்கு.

அந்த வரப்பு மோட்டார் ரூமுல போய்த்தான் முட்டும் மேடம். எங்கூட்டுக்காரரு அதுக்குள்ளதான் இருக்காரு. அந்த ரூமுக்கு ஒரே ஒரு கதவுதானுங்க.